நான் மஞ்சள் தடவிய காசோலை

பாப்பா,

நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பெண்கள் சாப்பிட்டுவிட்டு வேப்பமர நிழலில் சாய்ந்திருக்கிறார்கள். காலை வருகைக்கான போட்டோவை எடுத்து அனுப்பிவிட்டேன், அடுத்ததற்கு இன்னும் நேரம் இருக்கிறது. வியாழக்கிழமை நீ சின்னசேலத்தில் ரயில் ஏறி, சேலம் போய், அங்கிருந்து பெங்களூருக்குப் போகிறாய். பூச்சிகளை ஆராய்கிற இடத்தில் உதவியாளர் வேலை. இப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே நம் தெருவுக்கு இப்போதுதான் தெரிகிறது. என்னோடு வேலைக்கு வருகிற பக்கத்து வீட்டு அஞ்சலை எல்லோரிடமும் "அக்கா பொண்ணு பூச்சி மருந்து கம்பெனிக்குப் போவுது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். பூச்சியைக் கொல்லாமல் அதை உட்கார்ந்து பார்ப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று சொன்னால் அவள் நம்ப மாட்டாள் என்பதால் நான் திருத்தவில்லை.

நம் வீட்டில் பிள்ளைகளைத் திட்டத் தெரியும், பாராட்டத் தெரியாது. உன் அப்பா உன்னைப் பாராட்டியதெல்லாம் உன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றியதோடு சரி. நானும் அப்படித்தான் இருந்தேன். நீ கிளம்புவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நான்கு நாட்களாக முயல்கிறேன். பேச ஆரம்பித்தால் "பெட்டியில் சோப்பு வைத்தாயா" என்பதில் போய் நிற்கிறது. அதனால் எழுதுகிறேன். நான் பன்னிரண்டாவது முடித்தவள். முடித்த மறுமாதமே கல்யாணமாகி வந்தவள் என்றாலும், எழுத வரும். இதை உனக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் மற்றவர்களும் படிக்கும்படி வெளியே கொடுக்கப் போகிறேன். இதில் நடந்ததில் பாதி உனக்கே தெரியும். நம்மைப் போல வங்கிக் கவுன்டர் முன்னால் நின்று வாயை மூடிக்கொண்டு திரும்புகிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

எல்லாம் ஒரு கம்பளிப்பூச்சியால் வந்தது. கல்லூரியிலிருந்து உங்களைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போனபோது, கண்ணாடி விரிசல் விட்ட உன் போனில், கடுக்காய் மரத்து இலையில் இருந்த ஒரு கம்பளிப்பூச்சியை நீ படம் எடுத்தாய். இரண்டு மணி நேரம் அட்டை கடிக்க உட்கார்ந்து எடுத்த படம் என்று உன் தோழி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை நீ இணையத்தில் போட, எங்கோ அமெரிக்காவில் பள்ளிக்கூடப் புத்தகம் போடுகிற ஒரு நிறுவனம் பார்த்து, உன்னிடம் அனுமதி கேட்டு, எழுபத்தைந்து டாலருக்குக் காசோலை அனுப்பியது. நீ அவர்களிடம் கேட்டு வாங்கவில்லை. "இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நீ எழுதியதற்கு, "உழைப்புக்குப் பணம் கொடுப்பது எங்கள் வழக்கம்" என்று அவர்கள் பதில் போட்டதாகச் சொன்னாய். அந்த வாக்கியத்தை நான் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். என் உழைப்புக்கு அப்படி யாரும் எழுதியதில்லை.

காசோலையைப் பார்க்கத் தெருவே வந்தது. "ஒரு கம்பளிப்பூச்சிக்கு ஆறாயிரமாடி?" என்றாள் அஞ்சலை. "எங்க வூட்டு முருங்க மரத்துல ஆயிரம் கீது. வந்து எடுத்துக்கினு போடி, ஆளுக்குப் பாதி." உன் அப்பா கரும்பு வெட்டிவிட்டு வந்தவர், கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் அதைத் தொட்டார். "இத்தன வருசம் அது நம்மளக் கடிச்சதுதான் தெரியும். காசு குடுக்கும்னு யார் கண்டா" என்றார். நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். அந்தச் சிரிப்பை நான் சரியாக ஒரு வாரம் காப்பாற்றி, பிறகு கெடுத்தேன்.

உனக்குச் செய்முறைத் தேர்வு இருந்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்து, "யம்மா, இது வெளிநாட்டுச் செக்கு. பணம் வாங்கித் தரதுக்கு பேங்க்ல காசு புடிப்பாங்க. எவ்ளோன்னு கேட்டுக்கினு அப்புறம் குடு. ஜாஸ்தின்னா திருப்பி எடுத்தாந்துடு" என்றாய். தெளிவாகத்தான் சொன்னாய். நான் தலையாட்டினேன். அன்று வெள்ளிக்கிழமை. நல்ல காகிதம் எது வீட்டுக்கு வந்தாலும் நான் செய்வதைச் செய்தேன். சாமி படத்தின் முன்னால் வைத்து, மஞ்சளைக் குழைத்து, நான்கு மூலையிலும் கட்டைவிரலால் ஒற்றினேன். உன் கல்லூரி விண்ணப்பத்துக்கு அப்படி வைத்தேன், இடம் கிடைத்தது. உதவித்தொகைப் படிவத்துக்கு வைத்தேன், பணம் வந்தது. என்னைப் பணித்தளப் பொறுப்பாளராக்கிய உத்தரவுக்கும் வைத்தேன். எந்த அலுவலகத்திலும் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. ஆனால் அந்தக் காசோலையின் கீழ்ப்பக்கத்தில் வரிசையாக எண்கள் இருந்தன. மஞ்சள் கொஞ்சம் நீர்த்துப்போய் அதன் மேல் வழிந்தது. முந்தானையால் துடைத்தேன். துடைத்ததில் இன்னும் பரவியது. காய்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

கள்ளக்குறிச்சியில் நம் வங்கிக் கிளையில் எப்போதும் போலக் கூட்டம். கவுன்டரில் இருந்தவர் உன்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். காசோலையை இரண்டு விரலால் வாங்கினார். விரலில் ஒட்டிய மஞ்சளைப் பார்த்தார். மேசையில் கிடந்த பழைய சலானில் அதைத் துடைத்துக்கொண்டார். "ஃபாரின் செக்கா? ரெண்டு மாசம் ஆகும்" என்றார். அவ்வளவுதான். அந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டும். எவ்வளவு பிடிப்பீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். பின்னால் நின்றவர் "சீக்கிரம்மா" என்றார். நான் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன். நீ கேட்டபோது, "கேட்டேன், கம்மிதானாம்" என்று சொன்னேன். அது பொய். மஞ்சளைப் பற்றி நான் சொல்லவேயில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அப்போது அது தோன்றவும் இல்லை.

ஏன் கேட்கவில்லை என்று இன்று வரை யோசிக்கிறேன். பயம் என்று ஒரே வார்த்தையில் சொல்லலாம், ஆனால் அது போதாது. பத்து வருடமாக நான் நிரப்புகிற எல்லாத் தாளிலும் எங்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது: பயனாளி. கொடுத்தால் வாங்கிக்கொள்கிறவர். பயனாளி கேள்வி கேட்டால் அது நன்றிகெட்டதனம். என் கீழே வேலை செய்கிற அறுபது பெண்களின் கூலி அந்தக் கிளையில்தான் விழுகிறது. அவர்கள் கணக்கில் அவ்வப்போது நூறு, நூற்றைம்பது என்று குறையும். கொளுத்துகிற வெயிலில் மண் வெட்டிய காசு. பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். நான் இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். "அது கவர்மெண்டு ரூல், எல்லாருக்கும் புடிக்கிறதுதான்" என்று அவர்களை அனுப்பிவிடுவேன். எந்த ரூல் என்று எனக்குத் தெரியாது. நான் ஒருநாளும் உள்ளே போய்க் கேட்டதில்லை. படித்தவள் சொல்கிறாள் என்று அவர்களும் போய்விடுவார்கள். வங்கிக்குச் சம்பளம் வாங்காத அதிகாரியாக இத்தனை வருடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். இதை எழுதும்போது எனக்கே என் மேல் கோபம் வருகிறது.

இரண்டு மாதம் கழித்து உன் பாஸ்புக்கில் மூன்று வரிகள் விழுந்தன. வசூலுக்கு அனுப்பிய கமிஷன், தபால் செலவு, காசோலை திரும்பி வந்ததற்கான கட்டணம். மொத்தம் இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். வரவில் ஒரு பைசா இல்லை. எடுத்தது உன் உதவித்தொகையிலிருந்து. கூடவே ஒரு கறுப்பு வெள்ளை நகல் வந்திருந்தது. நான்கு மூலையிலும் கறுப்பாக அப்பிக்கிடக்க, காகிதம் சேதமாகி எண்கள் படிக்க முடியாததால் திருப்புகிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. நீ அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். "டீயக் கொட்டிட்டானுங்கம்மா" என்றாய். "நம்ம செக்கு மேல டீயக் கொட்டிட்டு நம்மகிட்டயே காசு புடிச்சிக்கினு கீறானுங்க." அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். நீ அவ்வளவு உறுதியாக இருந்தாய், எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

நீ புகார் எழுதினாய். கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லவில்லை, கட்டணப் பட்டியல் கிளையில் எங்கும் வைக்கப்படவில்லை, காசோலையை வங்கியே சேதப்படுத்தியது என்று மூன்று குற்றச்சாட்டு. கீழே உன் பெயருக்கு முன்னால் "நுகர்வோர்" என்று எழுதியிருந்தாய். அந்த வார்த்தையை நான் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். அரிசியை நிறுத்து வாங்குகிற மாதிரி வங்கியின் வேலையையும் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம், விலை சொல்லாமல் விற்கக் கூடாது என்று எனக்கு விளக்கினாய். எனக்கு விளங்கியது. ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு அது செல்லும் என்று நான் நம்பவில்லை.

புகாரை வாங்கியதற்கு முத்திரை கேட்டு நீ நின்ற நாளை நான் மறக்க மாட்டேன். நானும் கூட வந்திருந்தேன், உனக்குத் துணையாக என்று பெயர். கதவோரம் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் ஒதுங்கிக்கொண்டேன்.

"வெச்சிட்டுப் போம்மா, பாக்கறோம்" என்றார் கவுன்டர்க்காரர்.

"வாங்கிக்கினேன்னு என் காப்பில சீல் போட்டுக் குடுங்க சார்."

"அதெல்லாம் மேனேஜர்தான் போடணும். அவரு சாப்பிடப் போயிருக்காரு."

"சரிங்க சார். நானும் சாப்பாடு எடுத்தாந்திருக்கேன்."

சொல்லிவிட்டு வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டாய். புளிச்சோறும் வறுத்த கருவாடும். குளிர்சாதன அறை முழுக்கக் கருவாட்டு வாசனை. ஒருவர் மூக்கைப் பொத்தினார். இன்னொரு பெரியவர், "எந்தக் கடைல வாங்குன பாப்பா?" என்று விசாரித்தார். நீ அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தாய். ஐந்து நிமிடத்தில் முத்திரை வந்தது. மேனேஜர் சாப்பிடப் போகவே இல்லை, கண்ணாடி அறைக்குள்தான் இருந்தார். வெளியே வந்ததும் நான் உன்னைத் திட்டினேன். "மானத்த வாங்கற" என்றேன். பாப்பா, அன்று எனக்கு உள்ளே ஏற்பட்டது பெருமை. அது வெளியே வரும்போது திட்டாகத்தான் வந்தது.

அதற்குப் பத்து நாள் கழித்து நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. இரண்டு பெண்களின் கணக்கில் கைரேகை பதியவில்லை என்று அவர்களை அழைத்துக்கொண்டு கிளைக்குப் போயிருந்தேன். மேனேஜர் என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். கோபமே இல்லை. மெதுவாகப் பேசினார். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். காசோலையை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் எடுத்த கலர் நகல். நான்கு மூலையிலும் பளிச்சென்று மஞ்சள்.

"இது டீயாம்மா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"வூட்டுல பூச போட்டீங்க, சரி. அதுக்கு நாங்க கெடுத்துட்டோம்னு உங்க பொண்ணு எழுதிக் குடுத்திருக்கு. பொய்ப் புகார்னு நான் பதில் அனுப்பினா அது படிப்புக்கு நல்லதா? வாபஸ் வாங்கச் சொல்லுங்க. நீங்களும் வாரா வாரம் வர்றவங்க. அறுபது பேரு கணக்கு இங்க ஓடுது. நாம நல்லபடியா இருந்துக்கணும் இல்ல?"

அதில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. எழுதிக் காட்டினால் யாரும் அதை மிரட்டல் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்குப் புரிந்தது. வெளியே காத்திருந்த இரண்டு பெண்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் மகளின் இரண்டாயிரத்து எண்ணூறு போனால் போகட்டும், இவர்கள் கூலிக்கு ஒரு வாரம் தாமதமானால் யார் வீட்டில் உலை வைப்பது? வாபஸ் வாங்க வைப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் ஞாயிறு. நீ பம்புசெட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மஞ்சளையும், நான் கட்டணத்தைக் கேட்காமலே கேட்டதாகச் சொன்னதையும் ஒரே மூச்சில் சொன்னேன். உன் அப்பாவின் லுங்கியை நீ கல்லில் அடித்த அடி எனக்கானது என்று தெரிந்தது. அந்த லுங்கி கிழியும் வரை நீ பேச மாட்டாய் என்று நினைத்தேன்.

"ஏம்மா, மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"நீ திட்டுவன்னு."

"இப்ப மட்டும் இன்னா கொஞ்சப் போறேனா?" என்றாய். அப்புறம் லுங்கியைப் பிழிந்து உதறிப் போட்டுவிட்டு, "சரி. எழுதனத மாத்தணும்" என்றாய்.

"மாத்தாதடி. வாபஸ் வாங்கிடு. மஞ்சள்னு ஒத்துக்கினா தோத்துடுவ. ஒத்துக்கலன்னா அந்தாளு சும்மா வுட மாட்டான். எப்படிப் பாத்தாலும் நமக்குதான் நட்டம்."

"வாபஸ்லாம் கெடையாது. டீன்னு எழுதனது பொய்யாயிடுச்சு, அத எடுக்கணும். மீதி ரெண்டும் நெசம், அது இருக்கணும்."

"பொய்யோ நெசமோ, அவனுங்க ஜெயிக்கிறதுக்கு நீயே வழி பண்ணிக் குடுக்கறியே."

நீ சோப்பு நுரையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாய். "பொய் சொல்லி ஜெயிக்கிறதுக்கு நான் இன்னா பேங்க்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. நீ இரண்டையும் கவனிக்காத மாதிரி அடுத்த துணியை எடுத்தாய். நான் வேலைத்தளத்துப் பெண்களின் கூலியைப் பற்றி மேனேஜர் சொன்னதை மட்டும் அன்று முழுங்கிவிட்டேன். சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது. எனக்காக நிறுத்தியிருக்க மாட்டாய். அறுபது பேருக்காக நிறுத்தியிருப்பாயோ என்று பயந்தேன். வீட்டுக்கு வரும்வரை உன்னை நிறுத்த வேண்டும் என்றிருந்தவள், அந்தப் பம்புசெட்டில் உட்கார்ந்தபோது நீ நின்றுவிடக் கூடாது என்று நினைத்தேன். மனம் மாறியதற்குக் காரணம் கேட்டால் "நான் இன்னா பேங்க்கா" என்ற அந்த ஒரு கேள்விதான்.

திங்கட்கிழமை நீ கொடுத்த இரண்டாவது கடிதத்தை என்னிடம் படித்துக் காட்டினாய். நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு மனுவைப் பார்த்ததில்லை. காசோலையை வங்கி சேதப்படுத்தியது என்று நான் எழுதியது தவறு, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று முதல் வரி. என் அம்மா நல்லது நடக்க வேண்டும் என்று மஞ்சள் வைத்தார், எங்கள் வீட்டில் எல்லா நல்ல காகிதத்துக்கும் வைப்போம் என்று இரண்டாவது வரி. மஞ்சள் ஈரத்தைத் தன் விரலிலேயே பார்த்த உங்கள் ஊழியர், இது எண்கள் மேல் பட்டிருக்கிறது, அனுப்பினால் திரும்பிவிடும், திரும்பினாலும் உங்களுக்குக் கட்டணம் உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் புதுக் காசோலை கேட்டு வாங்கியிருப்போம். சொல்லாமல் வாங்கியது ஏன்? கட்டணம் இவ்வளவு என்று அனுப்பும் முன் ஏன் எழுதித் தரவில்லை? பட்டியல் எங்கே மாட்டியிருக்கிறது? இந்த மூன்றுக்கும் முப்பது நாளில் பதில் வேண்டும். முடிந்தது.

எனக்கு அப்போது அது தோல்வியாகத்தான் பட்டது. மன்னிப்பு என்ற வார்த்தையை நம் ஆட்கள் சொல்லிச் சொல்லியே வளைந்துபோனார்கள், நீயும் ஏன் சொல்ல வேண்டும் என்று எரிச்சல் வந்தது. பிறகுதான் புரிந்தது. நாங்கள் சொல்கிற மன்னிப்பு செய்யாத தவறுக்கு. நீ கேட்டது செய்த தவறுக்கு, அதுவும் அந்த ஒரு வரிக்கு மட்டும். மேனேஜர் கையில் வைத்திருந்த ஒரே ஆயுதம் அந்தக் கலர் நகல். நீயே எழுதிக் கொடுத்தபின் அது வெறும் மஞ்சள் படமாகிவிட்டது. நீ இதையெல்லாம் கணக்குப் போட்டுச் செய்யவில்லை. பொய்யை எடுக்க வேண்டும் என்று எடுத்தாய், அவ்வளவுதான். அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

முப்பது நாளில் பதில் வந்தது: விதிப்படியே பிடிக்கப்பட்டது. எந்த விதி என்று இல்லை. நான் இத்தனை வருடம் பெண்களுக்குச் சொன்ன அதே பதிலை, முத்திரை குத்தி நம் வீட்டுக்கே அனுப்பியிருந்தார்கள். நீ அசரவில்லை. வங்கி சரியான பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது என்று கண்டுபிடித்து வைத்திருந்தாய். போனிலேயே, தமிழிலேயே எழுதினாய். முத்திரை வாங்கிய நகல், இரண்டாவது கடிதம், அவர்கள் பதில் எல்லாவற்றையும் படம் எடுத்துச் சேர்த்தாய். கம்பளிப்பூச்சியை எடுத்த அதே கவனம். விரிசல் விழுந்த அந்த போனில் ஒரு எழுத்துகூட மங்கவில்லை.

காத்திருந்த மாதங்களில் நான் ஒவ்வொரு வாரமும் பயந்துகொண்டே கிளைக்குப் போனேன். கூலி ஒரு நாளும் நிற்கவில்லை. நிறுத்த அவரால் முடியாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தப் பணம் வருவதற்கும் மேனேஜரின் மனதுக்கும் சம்பந்தமே இல்லை. இல்லாத ஒரு அதிகாரத்தை அவர் காட்டினார். நான் நம்பினேன். யாரிடமும் கேட்காமல் நம்பினேன். இதைத்தான் நீ பெங்களூரிலும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே இங்கிலீஷில் மிரட்டுவார்கள், இன்னும் மெதுவாகப் பேசுவார்கள். அவர்களால் நிஜமாக என்ன செய்ய முடியும் என்று முதலில் விசாரித்துக்கொள். பயப்பட வேண்டியிருந்தால் அதன்பிறகு பயப்படலாம்.

குறைதீர்ப்பாளரின் முடிவு வந்த அன்று தெருவில் வெடி போட வேண்டும் என்றார் உன் அப்பா. கமிஷனும் தபால் செலவும் முன்கூட்டியே தெரிவிக்காததால் திருப்பித் தர வேண்டும் என்று வந்திருந்தது. காசோலை திரும்பியதற்கான கட்டணம் மட்டும் கிடைக்கவில்லை. அதற்கும் மேல்முறையீடு செய்யலாமே என்று நான்தான் கேட்டேன், பார். எனக்கே ருசி வந்துவிட்டது. நீ வேண்டாம் என்றாய். "அது மஞ்சளுக்கு உண்டான காசும்மா. நம்மளுது." புத்தகக் கம்பெனிக்காரர்களுக்கு நடந்ததை எழுதி, இந்தத் தடவை கணக்குக்கே நேராக அனுப்ப வைத்தாய். அனுப்பும் முன் கிளையில் கட்டணத்தை எழுத்தில் வாங்கினாய். எழுதிக் கொடுத்தவர் அதே கவுன்டர்க்காரர். "அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்" என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னதாக நீ சொன்னாய். அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அன்று போனது. மீதி இருக்கிறது, இருக்கட்டும். படித்து வேலைக்கு வந்த ஒருவர், ஒரு மனுஷியின் காகிதம் கெட்டிருப்பதைப் பார்த்தும் சொல்லாமல் வாங்கிப்போடுகிறார் என்றால், எதிரில் நிற்பவர் கேட்க மாட்டார் என்று அவருக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கற்றுக்கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு "சரிங்க சார்" மூலமாகவும்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. சொன்னாலும் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததையே திருப்பிச் சொல்வேன். ஒன்று மட்டும் என்னுடையது. அங்கே உனக்குக் கீழே யாராவது வேலைக்கு வருவார்கள். கூட்டுகிறவர், டீ கொண்டுவருகிறவர், உன்னைவிடக் குறைவாகப் படித்தவர். அவர்கள் ஒரு காகிதத்தை நீட்டி "இது இன்னா?" என்று கேட்டால், தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லி அனுப்பிவிடாதே. தெரியவில்லை என்று சொல், இல்லை என்றால் கூடப் போய்க் கேள். நான் அறுபது பேருக்குச் செய்த துரோகம் அதுதான். வேறு எந்தத் தவறையும் நான் இவ்வளவு நிதானமாகச் செய்ததில்லை.

கடைசியாக, நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நீ துணிகளை அடுக்கிக்கொண்டிருந்ததால் தொந்தரவு செய்யவில்லை. அஞ்சலையின் கணக்கில் இருநூற்று முப்பது ரூபாய் குறைந்திருந்தது. காலையில் பாஸ்புக்கோடு வந்து நின்றாள். "ரூல்தானேக்கா?" என்று அவளே கேட்டாள். பதிலை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். "தெரியலடி. வா, கேட்டுட்டு வருவோம்" என்றேன். ஷேர் ஆட்டோவில் போகும்போது, "உன் பொண்ணயும் கூட்டியாந்திருக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

கவுன்டர்க்காரர் பார்த்துவிட்டு, மேனேஜரைக் கேட்கச் சொன்னார். மேனேஜர் என்னைப் பார்த்ததும் எட்டி எனக்குப் பின்னால் பார்த்தார். "பொண்ணு வரலையா?"

"அது ஊருக்குப் போவுதுங்க. நான்தான் வந்திருக்கேன். இவங்க கணக்குல இருநூத்தி முப்பது எதுக்குப் புடிச்சீங்கன்னு எழுதிக் குடுக்கணும்."

"பாத்துச் சொல்றேன், போயிட்டு நாளைக்கு வாங்க."

"இன்னைக்கு இவங்க கூலிய வுட்டுட்டு வந்திருக்காங்க. பாருங்க, நாங்க இருக்கோம்."

அவர் மேசைக்கு முன்னால் மூன்று நாற்காலிகள் உண்டு. பத்து வருடமாக அந்த அறைக்குள் போகிறேன். அவற்றில் கடைக்காரர்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், ஆலைக்காரர்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எங்களை யாரும் உட்காரக் கூடாது என்று சொன்னதில்லை. உட்காரச் சொன்னதும் இல்லை. நான் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார், பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அஞ்சலை சுவரோடு ஒட்டிக்கொண்டு, கண்ணாலேயே என்னை எழுந்திருக்கச் சொன்னாள்.

"யக்கா, இன்னா பண்ற? எழுந்திருக்கா."

"பதில் வர நேரமாவும்டி," என்றேன். பக்கத்து நாற்காலியையும் அவள் பக்கம் தள்ளினேன். "நீயும் குந்து."

அம்மா